இருபத்தேழாவது கேள்வி

சென்னை
12-6-1968

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமென்று நம்புகிறேன். நான் நலம். இப்படி எழுத எனக்கு ஜனவரியிலிருந்துதான் முடிகிறது. அதற்கு முன்னால் எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு கார்டு போட்டேன். பதில் வரவில்லை. தபால் தவறியிருக்கலாம் என்று முதல் கார்டுக்கு நினைத்துக்கொண்டேன். இரண்டாவதற்கு அப்படி நினைக்க முடியவில்லை. என்னை வீட்டுக்கு அனுப்பலாம் என்று இங்கே பெரிய டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. சேர்த்தவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. சேர்த்தவர் நீங்கள்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. எங்கள் வார்டுக்குச் சாம்பசிவன் என்ற இளைய டாக்டர் ஒருவர் வருகிறார். மேல்படிப்புக்காக ஓர் ஆராய்ச்சி செய்கிறார். மனிதர்கள் சாவைப் பற்றி எவ்வளவு நினைக்கிறார்கள் என்பது விஷயம். புத்தி சரியில்லாத நூறு பேர், சரியாயிருக்கிற நூறு பேர், இரண்டு பக்கத்துக்கும் அதே முப்பது கேள்விகள். என்னைக் கண்டதில் அவருக்கு ஏக சந்தோஷம். ‘நான் சென்ற வாரம் காலமாகிவிட்டபடியால் என் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்’ என்று ரயில்வே ஆபீசுக்கு எழுதிக் கொடுத்த குமாஸ்தா இந்த வார்டில் நான் ஒருவன்தானே.

ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் குடும்பத்திலிருந்தே சரியாயிருக்கிற ஒருவர் வேண்டுமாம். என் குடும்பத்தில் மீதியிருப்பது நீங்கள் ஒருவர்தான். கேள்வித்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். டாக்டருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஜீவரத்தினம்


சேலையூர், தாம்பரம் கிழக்கு
20-6-1968

அன்புள்ள ஜீவா,

கடிதமும் கேள்வித்தாளும் வந்தன. முப்பத்தாறு வருஷமாக ‘நீ, வா, போ’ என்று பேசியவன் இப்போது ‘நீங்கள்’ என்று எழுதுகிறாய். உன் இஷ்டம்.

வீடு அப்படியே இருக்கிறது. ஏரிப் பக்கம் வரைக்கும் மனை போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்து எட்டாம் வகுப்பில் அறுபத்துநான்கு பெண்கள். பக்கத்து வீட்டு மெட்டில்டா டீச்சர் இந்த வருஷம் எனக்கு அடுத்த வகுப்பறை. கரும்பலகையில் எட்டி எழுத வேண்டியதையெல்லாம் அவள்தான் வந்து எழுதித் தருகிறாள். கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு ஆர்மோனியம் வாசிப்பதையும் விட்டுவிட்டேன். சபையில் மாதர் சங்கத்துக்கு என்னைச் செக்ரட்டரி ஆக்கியிருக்கிறார்கள். வேறு விசேஷம் இல்லை.

கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பியிருக்கிறேன். சில கேள்விகள் அசட்டுத்தனமாக இருக்கின்றன. ‘ஒரு நாளில் எத்தனை முறை மரணத்தைப் பற்றி நினைக்கிறீர்கள்?’ யார் இதை எண்ணிக்கொண்டிருப்பார்கள்? இருந்தாலும் கேட்டதற்காகப் புதன்கிழமை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. ‘உங்கள் மரணத்துக்காக ஏதாவது ஏற்பாடு செய்திருக்கிறீர்களா?’ செய்யாமல் என்ன? வெள்ளைப் புடவை ஒன்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். வருஷம் பிறந்ததும் துவைத்து இஸ்திரி போட்டுவிடுவேன். என்ன பாட்டுப் பாட வேண்டும், யார் பாடக் கூடாது என்று எழுதி அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் அம்மாவுக்குப் பக்கத்து இடத்தைக் கேட்டு வாங்கியாயிற்று. சபையில் பெண்கள் யார் தவறினாலும் குளிப்பாட்டி உடுத்திவிடக் கூப்பிடுவது என்னைத்தான். எத்தனையோ வீட்டில் புடவை தேடி அல்லாடுவதைப் பார்த்திருக்கிறேன். நம் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது. இது ஒழுங்கே தவிர, சாவைப் பற்றிய எண்ணம் ஒன்றும் இல்லை. உன் டாக்டர் வித்தியாசம் தெரிந்தவராக இருந்தால் சரி.

கையெழுத்து விஷயம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா,
ஞானசௌந்தரி


சென்னை
1-7-1968

அன்புள்ள அக்கா,

‘நீங்கள்’ பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுகிறேன். கண் டாக்டரிடம் போகலாம் என்று சொல்லி எழும்பூர் வரைக்கும் ரயிலில் கூட்டி வந்து, இந்தக் கேட்டுக்குள் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போன ஒருத்தியை ‘நீ’ என்று எழுத வரவில்லை. அவ்வளவுதான்.

உன் பதில்களை டாக்டர் சாம்பசிவன் என் எதிரிலேயே படித்தார். பாதியில் நிமிர்ந்து, “இவங்க எந்த வார்டு?” என்று கேட்டார். எங்க அக்கா, பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்றேன். அவர் என் தாளையும் எடுத்து உன்னுடையதோடு வைத்துப் பார்த்தார். வந்து சேர்ந்த தாள்களில் பெயரை மறைத்து இன்னொரு டாக்டரிடம் கொடுத்தாராம், எது நோயாளி எழுதியது, எது மற்றவர் எழுதியது என்று பிரிக்கச் சொல்லி. பாதிக்குமேல் மாறிப்போயிற்றாம். ஆராய்ச்சி இப்படிப் போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பக்கத்துக் கட்டில் வேதாசலம் முன்பு பஸ் கண்டக்டர். தினமும் காலையில் எழுந்ததும் என்னைப் பார்த்து, “இன்னா சார், உயிரோட கீறியா?” என்று விசாரிப்பார். உன் வெள்ளைப் புடவையைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கவில்லை. “நாம செத்துட்டோம்னு சொன்னா புட்ச்சி உள்ள போடறான். உங்கக்கா சாவறதுக்கு பொட்டி கட்டிகினு குந்திகினு கீது, அதுக்கு செக்ரட்டரி வேலை குடுக்கறான்” என்றார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். செத்துவிட்டேன் என்று இருந்த அந்த நாலு மாதமும் நான் சாவைப் பற்றி நினைக்கவே இல்லை. முடிந்துபோன காரியத்தை யார் நினைப்பார்கள்? டாக்டரிடம் பூஜ்யம் என்றுதான் சொன்னேன். ஜனவரியில் ஒருநாள் காலை உப்புமாவை வாயில் வைத்ததும் உப்பில்லை என்று கோபம் வந்தது. யாருக்குக் கோபம் வருகிறது என்று பார்த்தேன். எனக்குத்தான். அன்றைக்குத்தான் பயமும் வந்தது. இப்போது என் கணக்கு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. உன்னைவிடக் குறைவு.

இருபத்தேழாவது கேள்வி: ‘இன்னும் எத்தனை வருஷம் உயிரோடு இருப்பீர்கள் என்று நினைக்கிறீர்கள்?’ நான் முப்பது என்றேன். நீ ஏதோ எழுதிவிட்டு, விடைத்தாள் திருத்தும்போது செய்கிற மாதிரி பிளேடால் சுரண்டியிருக்கிறாய். டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒற்றைக் கோடு. ஒன்று.

அது என்ன அக்கா?

ஜீவா


சேலையூர்
9-7-1968

ஜீவா,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க நான் கள்ள நோட்டு இல்லை. உதவி என்று கேட்டாய், செய்தேன். அதை எடுத்துப்போய் வார்டு முழுக்கப் பேசியிருக்கிறாய். அந்தத் தாளைத் திருப்பி அனுப்பிவிடச் சொல். உன் டாக்டருக்கு நூறு பேர் வேண்டுமென்றால் இந்த ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

கண் டாக்டர் என்று சொன்னது பொய்தான். உன்னை அங்கே சேர்ப்பதற்கு முந்தின பத்தொன்பது நாளும் நீ என்ன சாப்பிட்டாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தட்டை முன்னால் வைத்தால், “பொணத்துக்கு எதுக்குக்கா சோறு” என்பாய். கோபம்கூட இல்லாமல், ஏதோ எனக்கு வேலை மிச்சம் பண்ணுகிற மாதிரி. குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு உன் வாயில் ஊற்றுவேன். அது கன்னத்தில் வழியும். உண்மையைச் சொல்லியிருந்தால் செத்தவன் ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்று கேட்டிருப்பாய். திரும்பிப் பார்க்கவில்லை என்கிறாய். பார்த்திருந்தால் உன்னை அங்கே விட்டுவிட்டு வந்திருக்க மாட்டேன். நீ இன்றைக்கு உப்புமாவில் உப்பில்லை என்று எழுதவும் மாட்டாய்.

உன் விஷயமாகப் போதகர் எலியேசர் ஐயரிடம் பேசிவிட்டேன். நாகர்கோவில் பக்கத்தில் மிஷன் நடத்துகிற இல்லம் ஒன்று இருக்கிறது. தோட்டம், சின்ன அச்சுக்கூடம் எல்லாம் உண்டு. உன்னை எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறார்கள். ஆயுசு முழுக்க அங்கேயே இருந்துகொள்ளலாம். செப்டம்பர் முடிவதற்குள் உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். அதற்கான கையெழுத்தை வந்து போடுகிறேன்.

ஞானசௌந்தரி


சென்னை
15-7-1968

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை முதல் தடவை படித்ததும் கிழித்துப் போட்டுவிடலாம் என்றிருந்தது. ஆயுசு முழுக்க என்று எழுதியிருக்கிறாய். ஒரு வருஷத்துக்குக் கூட்டிப்போய் வைத்துப் பார்க்கிறேன் என்றுகூட எழுதவில்லை. பைத்தியத் தம்பியை வீட்டில் வைத்திருக்க வெட்கம் என்று நினைத்தேன். மூன்று நாள் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மறுபடி படித்தேன். இங்கே நேரம் நிறைய இருக்கிறது. உன் ஜூன் மாதக் கடிதத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கரும்பலகையில் எட்டி எழுத மெட்டில்டா டீச்சர் வருகிறாள். பதினைந்து வருஷமாக வாசித்த ஆர்மோனியத்தை விட்டுவிட்டாய். ஏன் என்று எழுதவில்லை. ஆர்மோனியத்துக்கு இடது கை துருத்தி போட வேண்டும். கரும்பலகையில் நீ எந்தக் கையால் எழுதுகிறாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பா அடித்தும் மாறாத இடது கை அது.

அம்மாவும் முதலில் இடது கையால் குடம் தூக்குவதைத்தான் விட்டாள். சுளுக்கு என்றாள். ஆறு மாதம் சுளுக்கு என்றே சொன்னாள். அவளுக்கு மார்பில் இருந்ததை நீ கண்டுபிடித்தபோது நேரம் கடந்துவிட்டது.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். முப்பது இல்லை. உனக்கு அது வந்திருக்கிறதா?

வெள்ளிக்கிழமை வேதாசலம் இறந்துவிட்டார். நெஞ்சுவலி. காலையில் என்னிடம் வழக்கம்போல் விசாரித்தார்; சாயங்காலம் கட்டிலில் வேறு விரிப்புப் போட்டுவிட்டார்கள். அவர் சாவைப் பற்றி நினைப்பதே இல்லை என்றுதான் டாக்டரிடம் சொல்லியிருந்தார்.

ஜீவா


சேலையூர்
2-8-1968

அன்புள்ள ஜீவா,

ஆமாம்.

இந்த ஒரு வார்த்தையை எழுத இரண்டு வாரம் ஆயிற்று. மற்றதையும் எழுதிவிடுகிறேன். அக்டோபரில் உன்னை அங்கே விட்டுவிட்டு வந்த மறுவாரம், குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. பட்டாணி அளவு. வீட்டில் யாரிடம் சொல்வது? யாரும் இல்லை. மெட்டில்டாவிடம் சொன்னால் சபை முழுவதும் எனக்காக ஜெபம் பண்ணும். அதை என்னால் தாங்க முடியாது. இப்போது எலுமிச்சங்காயில் பாதி. வலி இல்லை. தோள் மட்டும் பிடித்துக்கொள்கிறது.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்பாய். அம்மா போனாளே. அறுத்தார்கள், மறுபடி அறுத்தார்கள். கடைசி மூன்று மாதம் அவள் புண்ணைக் கழுவியது நீயா, நானா? நீ வாசலோடு நின்றுவிடுவாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அந்த அறைக்குள் மறுபடி போக வேண்டாம் என்று முடிவு பண்ணினேன், அவ்வளவுதான். அம்மாவுக்குக் கிடைத்த காலத்தை வைத்துப் பார்த்து எனக்கு ஒரு வருஷம் என்று போட்டேன். பிறகு உன் கண்ணில் படும் என்று சுரண்டினேன்.

உன் கார்டுகள் இரண்டும் வந்தன. தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். உன்னைக் கூட்டி வந்துவிட்டு, ஆறு மாதத்தில் உன் கண்ணெதிரில் நான் படுத்துவிட்டால்? அம்மா போன அடுத்த வருஷம்தான் நீ செத்துவிட்டேன் என்று சொல்ல ஆரம்பித்தாய். அதை நான் மறக்கவில்லை. இன்னொரு சாவை உனக்குக் காட்டக் கூடாது என்றுதான் நாகர்கோவில். அங்கே நீ தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒரு தந்தி வரும். அது போதும் என்று நினைத்தேன்.

வெட்கம் என்று நினைத்தாயாமே. நீ வேலைக்குப் போன முதல் நாள் போட்ட சட்டையைக்கூட நான் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

அக்கா


சென்னை
5-8-1968

அன்புள்ள அக்கா,

நீ திட்டப்போகிற காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் கடிதத்தை டாக்டர் சாம்பசிவனிடம் காட்டிவிட்டேன். அவர் மனசுக்குத்தான் டாக்டர். ஆனால் அவரோடு படித்தவர் ஒருவர் பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் சர்ஜரியில் இருக்கிறார். அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது என் சட்டைப் பையில் இருக்கிறது.

டாக்டரிடம் நேராகக் கேட்டேன், எங்க அக்காவுக்கு இருப்பது மனநோயா என்று. அவர் சொன்னது: “இல்ல மிஸ்டர் ஜீவரத்தினம். உங்களுக்கு இருந்தது நோய். அவங்க பயந்துபோய் இருக்காங்க. பயத்தை அடுக்கி இஸ்திரி போட்டு வெச்சிருக்காங்க. அதனால யாருக்கும் தெரியல.” என் அக்காவுக்குப் பயமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உன்னை நான் அப்படிப் பார்த்ததில்லை.

அம்மாவின் அறை வாசலில் நின்றுவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். உள்ளே வந்தால் அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி பண்ணுவாள். அதைப் பார்க்க முடியாமல் நின்றேன். இந்தத் தடவையும் முடியுமா என்று தெரியாது. ஆனால் நாகர்கோவிலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உன் தந்திக்குக் காத்திருப்பது நிச்சயமாக முடியாது. அப்படிக் காத்திருந்தால் மறுபடி செத்துப்போவேன். எனக்கு அந்த வழி தெரிந்த வழி.

அதனால் நீ வா. வந்து என்னை வெளியே எடுக்கக் கையெழுத்துப் போடு. மறுநாளே இரண்டு பேரும் ரயிலேறி அந்த ஆஸ்பத்திரிக்குப் போவோம். எங்கே போகிறோம் என்று நான் உன்னிடம் மறைக்கமாட்டேன். அவர்கள் முடியாது என்று சொன்னால் வீட்டுக்கு வந்துவிடலாம். நானே பக்கத்தில் இருக்கிறேன். ஆனால் அவர்கள் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு பூகோள டீச்சர் சொல்லக் கூடாது.

செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பத்து மணியிலிருந்து கையெழுத்து வாங்குகிறார்கள். நான் குளித்துத் தயாராக இருப்பேன்.

ஜீவா


பெண்கள் சர்ஜரி வார்டு
3-9-1968

அன்புள்ள ஜீவா,

மெட்டில்டா பார்க்க வந்திருக்கிறாள். அவளிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். சாயங்காலம் உன் கையில் சேர்த்துவிடுவாள். பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பிரிக்கமாட்டாள் என்று நம்புகிறேன்.

ஆபரேஷன் வியாழக்கிழமை. நேற்று நீ போன பிறகு டாக்டரம்மா வந்து எழுதிக்கொண்டு போனார். வருவதற்கு இன்னும் ஆறு மாதம் தள்ளியிருந்தால் கத்தியே வைத்திருக்கமாட்டோம் என்றார்.

உன்னை அங்கிருந்து வெளியே எடுத்து இருவரும் இங்கே வந்த அன்றைக்கு அட்மிஷன் மேஜையில் அந்தக் குமாஸ்தா, “பேஷன்ட்டுக்கு யார் பொறுப்பு?” என்று கேட்டான். நீ, “நான்தான், தம்பி” என்றாய். என்ன வேலை என்றான். “ரயில்வேல. உடம்பு சரியில்லாம லீவுல இருந்தேன், அடுத்த மாசம் சேரணும்” என்றாய். என்ன உடம்பு என்று கேட்டுவிடப்போகிறானே என்று எழுந்து வரப் பார்த்தேன். கேட்டிருந்தால் நீ உள்ளதைச் சொல்லியிருப்பாய். அவன் கேட்கவில்லை. உன் பெயரை முழுக்க எழுதினாய். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒருவர் பொறுப்பு என்று எழுதுவது, அப்பா பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு இதுதான் முதல் தடவை.

இதை எழுதுவதற்குத்தான் காகிதம் வாங்கினேன். ஐம்பது பெண்களுக்குமேல் குளிப்பாட்டி உடுத்தியிருக்கிறேன். விறைத்த கையை மடக்கி எப்படிச் சட்டைக்குள் நுழைப்பது என்று எனக்குத் தெரியும். சாவு எனக்குப் பழக்கம் என்று இருந்தேன். நேற்று எதிர்க் கட்டில் பெண்ணைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மதுராந்தகம் பக்கம். இருபத்தெட்டு வயது. அவள் திரும்பி வரவில்லை. கட்டிலுக்கடியில் அவள் செருப்பு மட்டும் இருந்தது. ஆயா வந்து எடுக்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, ஜீவா. எனக்குச் சாக இஷ்டமில்லை. எதையும் சாதிக்க வேண்டும் என்று இல்லை. காலையில் எழுந்து ரேடியோவைத் திருப்ப வேண்டும், எட்டு இருபதுக்கு மெட்டில்டா வாசலில் நின்று கத்த வேண்டும், இவ்வளவுதான் வேண்டியிருக்கிறது. இதைப் போய் எப்படி ஜெபத்தில் கேட்பது?

யாரிடமும் சொல்லாதே.

அக்கா


ஆஸ்பத்திரி வாசல்
7-9-1968, சனிக்கிழமை

அன்புள்ள அக்கா,

கண் விழித்து என்னைத் தேடினாயாம். ஆயா வந்து சொன்னாள். நாலு மணிக்கு முன்னால் ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். அதனால் இதை எழுதி அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். கண்ணாடி போட முடியவில்லை என்றால் அவளையே படிக்கச் சொல். அவளுக்குப் படிக்கத் தெரியுமாம்.

மறைக்கமாட்டேன் என்று சொன்னேன். ஆகையால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். அது அம்மாவுக்கு வந்த அதே நோய்தான். முழுக்க எடுத்துவிட்டார்கள். அக்குளில் இரண்டு முடிச்சு இருந்ததாம், அதையும் எடுத்தாயிற்று. காயம் ஆறியதும் அந்த இடத்தில் ஆறு வாரம் எக்ஸ்ரே கதிர் பாய்ச்சிக் கரண்ட் வைக்க வேண்டும். தினமும் தாம்பரத்திலிருந்து வரலாம். இரண்டு வருஷம் தாண்டினால் பிறகு பேசலாம் என்று டாக்டரம்மா சொன்னார். வேறு வாக்கு எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. இடது கை முழுசாக மேலே போகாது. வலது கையால் எழுதிப் பழக வேண்டும். அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

வியாழக்கிழமை உன்னை உள்ளே கொண்டுபோன மூன்று மணி நேரமும் என்னை நானே கவனித்துக்கொண்டிருந்தேன். பழைய நினைப்பு வருகிறதா என்று. வரவில்லை. பசி வந்தது. நீ அங்கே அப்படிக் கிடக்கும்போது வெட்கமாகத்தான் இருந்தது. எதிர்க்கடையில் நாலு இட்லி சாப்பிட்டேன்.

மெட்டில்டா டீச்சர் கடிதத்தைப் பிரிக்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஒன்றும் கேட்காமல் தினமும் உன் வகுப்புக்கும் சேர்த்துப் பாடம் எடுத்துவிட்டு வருகிறாள். இன்றைக்கு உனக்குச் சூப் வைத்துக் கொடுத்திருக்கிறாள். பிளாஸ்கில் இருக்கிறது. மிளகு தூக்கலாக இருக்கும் என்று எச்சரித்தாள்.

நேற்று உன்னைப் பார்க்க விட்டபோது நீ மயக்கத்தில் இருந்தாய். கட்டுப் போட்ட பக்கம் ரத்தம் கசிந்திருந்தது. நர்ஸ் மாற்றப் போகிறேன், நீங்கள் வெளியே நில்லுங்கள் என்றாள். நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லி உன் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் கட்டி முடிகிற வரைக்கும் விடவில்லை.

மணி மூன்று ஐம்பது. இங்கே நாற்பது பேர் நிற்கிறோம். காவல்காரர் சாவிக் கொத்தோடு எழுந்துவிட்டார். நான்தான் முன்னால் நிற்கிறேன். வந்துவிடுவேன், நீ எழுந்து உட்காரப் பார்க்காதே.

ஜீவா